தொம்மைத் தண்டலின் இடுப்பும் கப்பல் மாத்திரையும்

சென்ற மாதம் எலும்பு மருத்துவர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கிருமி டாக்டருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தெரிந்தால் எந்தக் கூட்டத்துக்கும் போய்விடுகிறேன். அங்கே ஓர் இளம் டாக்டர் மேடையில் ஒரு காகிதப் பட்டையைக் காட்டினார். சிறுநீர் பார்க்கப் பயன்படும் அதே சாதாரணப் பட்டைதான். மாற்று மூட்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டுக் கொஞ்சம் பொறுத்தால், உள்ளே சீழ் இருக்கிறதா இல்லையா என்று நிறம் மாறிச் சொல்லிவிடுமாம். சாப்பாட்டு வேளையில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இதெல்லாம் இல்லாத காலத்துல, மூட்டுக்குள்ள கிருமி இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாதி நேரம் கண்டுபிடிக்கல தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். கண்டுபிடிக்காத கதைகளை எழுத எனக்குத் துணிவில்லை. கண்டுபிடித்த ஒன்றை எழுதுகிறேன்.

நான் நாசரேத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். வீட்டில் பேச்சை விடப் பிழைதிருத்தம்தான் அதிகம் நடக்கும். மருத்துவம் படித்து, மெட்ராஸில் கிருமியியல் டிப்ளமோ முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் வாசலில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் நீர் பிடித்து, மாமிசக் குழம்பு காய்ச்சி, ரத்தம் கலந்து, கிருமி வளர்க்கத் தட்டுகள் தயாரிப்பேன். குழம்பு என்றால் உண்மையிலேயே குழம்புதான். சந்தையிலிருந்து மாட்டு இதயம் வாங்கி வந்து அரைத்து வேகவைத்துக் குழாய்களில் அடைத்தால், மற்ற இடத்தில் வளராத கிருமியும் அதில் வளரும். அன்றைக்கு லேபில் எழும் வாசனைக்கு வார்டில் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் தலைமை டாக்டர் ஆசீர்வாதம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் சீஃப். சாத்தான்குளத்துப் பக்கம். எலும்பு அறுவை சிகிச்சை கற்க வெளிநாடு போய்த் திரும்பியவர். நெடிய உருவம், தணிந்த குரல். பெரும்பாலும் "ம்" என்ற ஒரு சொல்லிலேயே வார்டு முழுவதையும் நடத்திவிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏம்மா" என்று கூப்பிடுகிறவர் "டாக்டர் அம்மா அவர்களே" என்று தொடங்கினால், வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவது நல்லது.

நான் சேர்ந்த புதிதில், ஒரு முழங்கால் நீரில் கிருமி வளரவில்லை என்று அறிக்கை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே லேபுக்கு வந்து நின்றார்.

"வளரலையா, வளர விடலையா?"

எனக்குச் சுருக்கென்றது. என் தட்டுகளைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூட்டு நீரை ஊழியர் கையில் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டு, அவரே சோதனைக் குழாயை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வருவார். வழியில் யார் வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். "சூடு ஆறக் கூடாதும்மா. வழியில டீ குடிக்காம வார ஆளு இந்த ஆஸ்பத்திரியில நான் ஒருத்தன்தான்" என்றார்.

அவர் நீர் எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். வார்டில் எடுக்க மாட்டார். அறுவை அரங்கில், முழு உடுப்போடுதான். தோலில் அயோடின் தடவிவிட்டு, அது காய்வதற்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு ஞானப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாய்க்குள் முனகி முடிப்பார். பாட்டு முடியாமல் ஊசியைத் தொட மாட்டார். மரத்துப்போக வைக்கும் மருந்து தோலுக்கு மட்டும்தான், மூட்டுக்குள் போகக் கூடாது. அந்த மருந்தே கிருமியை அடக்கிவிடும் என்பார். நீண்ட ஊசி உள்ளே போய் எலும்பிலோ, மாற்று மூட்டு என்றால் எஃகிலோ தட்டும்போது அவர் புருவம் லேசாக உயரும். அதற்குப் பிறகுதான் இழுப்பார்.

இனி தொம்மைத் தண்டல்.

தண்டல் என்றால் தோணியின் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிகள் அப்போது பழைய துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றை ஓட்டியவர் தொம்மை. சின்ன வயதில் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். ஐம்பதைத் தாண்டியும் மார்பு பீப்பாய் போல இருக்கும். ஒருநாள் சரக்கு இறக்கும்போது, மேல்தளத்துத் திறப்பில் கால் தவறி அடித்தட்டில் விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்தது. கட்டு வைத்தியரிடம் சில வாரம் கிடந்துவிட்டு எங்களிடம் வந்தபோது, எலும்பை ஒட்டவைக்கும் காலம் கடந்திருந்தது. சீஃப் அந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டோடு கூடிய எஃகுப் பந்து ஒன்றைப் பொருத்தினார். எங்கள் ஊரில் அது பெரிய செய்தி. இரும்பு இடுப்புத் தண்டலைப் பார்க்கக் கடற்கரைத் தெருவே வந்துபோனது.

நன்றாகத்தான் நடந்தார். மறுபடி தோணி ஏறினார். ஒரே நிபந்தனை, தரையில் சம்மணம் போடக் கூடாது, குந்தக் கூடாது. மடக்கினால் பந்து நழுவிவிடும். தோணியில் நாற்காலி ஏது? ஆட்கள் பலகை அடித்து அவருக்கு ஒரு ஸ்டூல் செய்து கொடுத்தார்கள். மேல்தளத்தில் எல்லோரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, இவர் மட்டும் ஸ்டூலில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இருப்பார்.

"டாக்டரம்மா, கூட உழைக்கிற ஆளுவளோட உச்சந்தலைய மேல இருந்து பாத்துக்கிட்டே சோறு திங்கது நல்லாவா இருக்கு? வெள்ளக்காரத் தொர மாதிரி" என்று சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தபோது என்னிடம் குறைப்பட்டார்.

இடுப்பு வலி இல்லாதவரின் குறை அது என்று நான் சிரித்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு வலி வந்தது. முதலில் நடந்தால் மட்டும், பிறகு படுத்திருந்தாலும். எக்ஸ்ரேயில் எஃகுத் தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. ரத்தம் படியும் வேகம் அதிகம், உடம்புக்குள் எங்கோ அழற்சி என்பதற்கு அது அடையாளம். மேலே சிவப்போ வீக்கமோ சீழ் வடியும் துளையோ எதுவும் இல்லை.

இதற்கு இரண்டே விளக்கம். பந்து வெறுமனே ஆட்டம் கண்டிருக்கலாம். அப்படியானால் எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கலாம். சீஃப் மிகவும் பாடுபட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முழு மூட்டு ஒன்று, சிமென்ட்டோடு, அரங்கு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அல்லது உள்ளே கிருமி குடியிருக்கலாம். அப்படியானால் எஃகை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட வேண்டும். கால் குட்டையாகும், கம்பு ஊன்ற வேண்டும். கிருமி இருக்கும் இடத்தில் புதியதை வைத்தால் அதுவும் அழுகி, உயிருக்கே ஆபத்தாகும். கிருமி இல்லாதவரிடம் மூட்டைப் பிடுங்கினால், காரணமில்லாமல் ஒரு தண்டலைக் கரையில் உட்கார வைத்த பாவம். எந்த வழி என்று சொல்ல வேண்டியது என் தட்டு.

முதல் தடவை எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. நுண்ணோக்கியில் சீழ் அணுக்கள் நிறைய. ஆனால் எதுவும் வளரவில்லை.

"வெளிய ஏதும் மருந்து எடுத்தீரா?" என்று சீஃப் கேட்டார்.

"தெருக் கம்பவுண்டர் ஊசி போட்டாருய்யா, காச்ச வந்தப்ப."

"ம்."

அந்த ஊசிதான் கிருமியை அடக்கி வைத்திருக்கும் என்று முடிவு செய்தோம். தண்டலை வார்டில் சேர்த்து, வலி மாத்திரை தவிர எல்லா மருந்தையும் நிறுத்தி, இரண்டு வாரம் காத்திருந்து மறுபடி எடுப்பது என்று ஏற்பாடு. இன்றைக்கும் அதுதான் முறை, மாறவில்லை.

எங்கள் நாசரேத்தில் டாக்டர் மருந்தை நிறுத்தினால் குணமாகிவிட்டது என்று பொருள். கடற்கரைத் தெருவில் அப்படியில்லை. மருந்தை நிப்பாட்டியாச்சு என்றால் டாக்டர் கைவிட்டுவிட்டார், அடுத்து சாமியாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். தண்டலின் மனைவி செலஸ்தீனா நர்ஸிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் "மருந்து கிடையாது, நிப்பாட்டச் சொல்லியாச்சு" என்றே பதில் வந்திருக்கிறது.

மறுநாள் பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் வார்டு நிறையப் பெண்கள், கையில் ஜெபமாலை. நடுவில் செலஸ்தீனா அக்கா அழுதுகொண்டிருந்தார். பங்குச் சாமியார் அவஸ்தை பூச எண்ணெயோடு வந்துவிட்டார். சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் கடைசிப் பூசுதல் அது. தண்டல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மக்ரூனைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தார்.

"நோயாளி எங்க?" என்றார் சாமியார்.

"நாந்தான் சாமி. எனக்கும் இப்பத்தான் தெரியும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு லேபுக்கு ஓடிவிட்டேன். சீஃப் வந்து சாமியாரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் விஷயத்தை விளக்கினாராம். சாமியார் புரிந்துகொண்டு, உள்ளே வந்து தண்டலின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் புன்னகையோடு கிளம்பினார். சீஃப் செலஸ்தீனாவிடம் "பயப்படாதீங்கம்மா" என்றார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் பார்த்தது வேறு. டாக்டரும் சாமியாரும் தனியாகக் குசுகுசுத்தார்கள், சாமியார் இரக்கமாகத் தலையில் கை வைத்தார், டாக்டர் பயப்படாதீர்கள் என்கிறார். பயப்பட இதை விட வேறென்ன வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து சீஃப் மறுபடி நீர் எடுத்தார். ஞானப்பாட்டு, நீண்ட ஊசி, உயர்ந்த புருவம், மூடிய உள்ளங்கை. நான் கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றிப் பார்த்தேன். சீழ் அணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உருண்டைக் கிருமிகள், கொத்தாக. சாயத் துகளும் சில சமயம் அப்படித் தெரியும், வளர்ந்தால்தான் சாட்சி. தட்டுகளில் போட்டேன், குழம்பில் போட்டேன், காற்றில்லாத ஜாடியிலும் வைத்தேன். ஒன்றும் வளரவில்லை. வழக்கத்தை விட அதிக நாள் வைத்தும் வளரவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வளர மறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சமையலை. அந்த ஆண்டுகளில் மின்வெட்டு தாராளம். அடைகாக்கும் பெட்டி ஆறிப்போயிருக்குமோ என்று பார்த்தேன். குழம்பு கெட்டிருக்குமோ என்று, லேபில் நான் வளர்த்து வைத்திருந்த பழைய கிருமியை அதே தட்டில், அதே குழம்பில் போட்டேன். அது ஒரே இரவில் செழிப்பாக வளர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சமையலில் குறை இல்லை.

அப்போதுதான் சீஃப் முதல் மாதத்தில் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. வளரலையா, வளர விடலையா?

உடம்புக்குள் போகும் மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். தண்டலின் சிறுநீரைக் கேட்டு வாங்கினேன். மருந்துக்கு எளிதில் மடியும் அந்தப் பழைய கிருமியை ஒரு தட்டு முழுவதும் விதைத்து, ஒரு பக்கம் தண்டலின் சிறுநீரில் ஊறிய காகிதப் பொட்டையும், மறுபக்கம் எந்த மருந்தும் சாப்பிடாத வேறொருவரின் சிறுநீரில் ஊறிய பொட்டையும் வைத்தேன். அந்த வேறொருவர் யார் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

காலையில் தட்டைத் திறந்தேன். வேறொருவரின் பொட்டைச் சுற்றிக் கிருமி நெருக்கமாக வளர்ந்திருந்தது. தண்டலின் பொட்டைச் சுற்றி ஓர் அகலமான வட்டம், கழுவித் துடைத்ததுபோல் வெறுமையாக.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இரண்டு வாரம், ஊசிக் குத்து, குழம்பு, மாட்டு இதயம், எல்லாம் வீண். சீஃபிடம் கொண்டுபோய், "பொய் சொல்லியிருக்கார் சார்" என்றேன். அவர் தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பொய்யான்னு கேட்டுட்டுச் சொல்லுவோம்" என்று தட்டோடு வார்டுக்கு நடந்தார்.

தண்டல் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் லூர்து உட்கார்ந்திருந்தார். தோணியில் தண்டலுக்கு அடுத்தவர், அவரோடு இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஆட்கள் முறை வைத்துத் தினமும் யாராவது ஒருவர் தண்டலோடு இருப்பார்கள், பெரும்பாலும் லூர்துதான் இருப்பார்.

"தண்டல், இதப் பாரும்" என்று சீஃப் தட்டைக் காட்டினார். "இது முழுக்க அம்மா வெதச்ச கிருமி. இந்த எடத்துல மட்டும் ஒண்ணும் மொளைக்கல. அது உம்ம மூத்திரம் பட்ட எடம். உம்ம உடம்புல மருந்து ஓடுது. நாங்க கொடுக்கல."

தண்டல் தட்டைப் பார்த்தார். உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"மாதா சத்தியமா மருந்து ஏதும் தொடலய்யா. தெனமும் நீங்க கேக்கீய, நான் சொல்லுதேன்லா?"

"வேற ஏதாச்சும்?"

"வேற என்ன... கப்பல் மாத்திரதான். அது மருந்தில்லயே."

சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கதை இதுதான். வெளிக்கடலில் நங்கூரமிட்ட பெரிய கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் ஆட்களுக்கு, வெளிநாட்டு மாலுமிகள் கப்பல் மருந்துப் பெட்டியிலிருந்து பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பார்கள். கடற்கரைத் தெருவில் அது வீட்டுக்கு வீடு டப்பாவில் இருக்கும். காய்ச்சலுக்கு விழுங்குவார்கள், புண்ணுக்குப் பிரித்துத் தூவுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துக் கடையில் வாங்குவதுதான் மருந்து. இது கப்பலில் வந்தது, சோப்பு மாதிரி, பிஸ்கட் மாதிரி. நாளுக்கு ஒன்று என்று தண்டல் விழுங்கிக்கொண்டிருந்தார். கிருமியைக் கொல்ல அது போதாது. என் தட்டில் வளரவிடாமல் மறைக்கத் தாராளமாகப் போதும்.

லூர்து எழுந்து நின்றார். "நாந்தான்யா கொடுத்தேன். அவர ஒண்ணும் சொல்லாதீய."

"ஏன் கொடுத்தீரு?"

"நீங்க மருந்த நிப்பாட்டிட்டீய. கைவிட்டுட்டீயன்னு நெனச்சோம். நாங்க கைவிட முடியுமாய்யா?"

சீஃப் கோபத்தில் "லூர்து அவர்களே" என்று தொடங்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

"தண்டல், நீரு சங்கு குளிச்சவருதான?"

"ஆமய்யா."

"தண்ணி கலக்கா கெடந்தா எறங்குவீரா?"

"எறங்கி என்ன செய்ய? ஒண்ணும் தெரியாதே. தெளியட்டும்னு கரையில கெடப்போம்."

"அப்ப கடல விட்டுட்டுப் போயிட்டீருன்னு அர்த்தமா?"

தண்டல் அந்தத் தட்டை மறுபடி பார்த்தார்.

"நீரு விழுங்குன ஒவ்வொரு மாத்திரையும் கலக்கு. உள்ள என்ன கெடக்குன்னு எங்களுக்குத் தெரியல. தெளியட்டும்னு நாங்க கரையில கெடக்கோம். போயிடல."

லூர்து இடுப்பு மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துச் சீஃப் கையில் வைத்தார். எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து லூர்தே காவல். செலஸ்தீனா அக்கா கொண்டுவந்த கஷாயத்தை வாசலிலேயே நிறுத்தினார். நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையைக்கூட என்னிடம் கொண்டுவந்து, "இது கலக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

அடுத்த நாட்கள் எளிதாக இல்லை. மாத்திரை விலகியதும் கிருமி தலைதூக்கியது. காய்ச்சல் ஏறியது, தொடை வீங்கியது. தண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயம். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டால் எங்கள் பிடிவாதமே ஆளைக் கொன்றுவிடும். "சார், இப்பவே மருந்து ஆரம்பிச்சிடலாமே" என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் நாளில் பல தடவை வந்து நாடியைப் பிடிப்பார், தொடையைத் தொடுவார், நாக்கைப் பார்ப்பார். "இன்னும் தாங்குவாரும்மா. எந்தக் கிருமின்னு தெரியாம எந்த மருந்தக் கொடுக்க?" என்பார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பந்தை வைத்தவர் அவர். அது கெட்டதென்றால் அவர் கையிலிருந்தோ அரங்கிலிருந்தோ போன கிருமியாகக்கூட இருக்கலாம். அதை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை, ஒரு நிமிடமும் மறக்கவுமில்லை.

மூன்றாம் தடவை நீர் எடுத்தார். மறுநாள் காலை லேபுக்குள் நுழைந்தேன். குழம்புக் குழாய்கள் எல்லாம் கலங்கியிருந்தன. தட்டைத் திறந்தால் பொன்னிறப் பொட்டுகள், ஒரே மாதிரி, வரிசையாக. மனித ரத்தத்தின் தெளிநீரில் கலந்து வைத்தேன், அது உறைந்தது. சந்தேகமே இல்லை, சீழ் பிடிக்க வைக்கும் அசல் கிருமி. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடினேன். ஒரு மனிதரின் இடுப்பில் சீழ் இருக்கிறது என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் அந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது.

சீஃப் தட்டைப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எந்த மருந்துக்கு அது மடியும் என்று பார்க்க ஏற்கெனவே மருந்துப் பொட்டுகள் வைத்துவிட்டேன் என்றதும், "நல்லதும்மா" என்றார். அவரிடமிருந்து இரண்டு சொல் வாங்கியது பெரிய விஷயம்.

தண்டலிடம் அவரே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உள்ள கிருமிதான். பந்த எடுத்தாகணும்."

"அலமாரியில இருக்குல்லா புதுசு, அத வச்சிருவீயளா?"

"அந்த எடத்துல எத வச்சாலும் கிருமி அதுலயும் குடியேறும். எடுத்துட்டுச் சும்மா விடுவோம். சதை கெட்டிப்பட்டு அதுவே தாங்கும். கால் குட்டையாகும். கம்பு வேணும்."

"தோணி?"

"தெரியாது" என்றார் சீஃப். "ஏறலாம்னு நெனக்கேன். சத்தியம் பண்ண மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன், தரையில உக்காரலாம். நழுவ அங்கன பந்தே இருக்காது."

தண்டல் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அரங்குக்கு நானும் போனேன். ஒவ்வொரு இடத்திலிருந்தும் சதைத் துணுக்கு எடுக்கும்போது புதுக் கத்தி, புது இடுக்கி. முன்பு தொட்டது அடுத்ததைத் தொடக் கூடாது. ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால் தற்செயலாக இருக்கலாம், எல்லாவற்றிலும் ஒரே கிருமி என்றால் அதுதான் குற்றவாளி. எஃகுப் பந்து பெரிய எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டது. அதன் தண்டில் வழவழவென்று ஓர் ஆடை படிந்திருந்தது. சீஃப் அந்தக் குழியைக் கழுவினார், மறுபடி கழுவினார், நாங்கள் எல்லோரும் கால் மாற்றி மாற்றி நின்று அலுத்த பிறகும் கழுவினார். என் துணுக்குகள் எல்லாவற்றிலும் அதே பொன்னிறம்தான் வளர்ந்தது.

பிறகு வாரக்கணக்கில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டு, ஊசி மருந்து. காய்ச்சல் இறங்கியது. புண் காய்ந்தது. ரத்தம் படியும் வேகம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது, நான் அதைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டேன். உயரம் கூட்டிய செருப்போடு, கம்பூன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து தண்டல் வீட்டுக்குப் போனார். வலி இல்லை என்றார். சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்த புது மூட்டு பிறகு சாயர்புரத்து ஆசிரியை ஒருவருக்குப் போனது. அவர் அதோடு வெகுகாலம் நடந்தார்.

கடல் அமர்ந்து தோணிப் பருவம் திறந்தபோது லூர்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். தண்டல் மறுபடி தோணி ஏறுகிறார், முதல் பயணத்துக்கு முந்திய சாப்பாட்டுக்குச் சீஃபும் நானும் வர வேண்டும் என்றார். பழைய துறைமுகத்தில் பலகை வழியே ஏறினோம். மேல்தளத்தில் பாய் விரித்து, நடுவில் பெரிய சட்டியில் சோறு, சீலா மீன் குழம்பு. ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தண்டல் கம்பை ஓரமாக வைத்தார். கையூன்றி இறங்கினார். நல்ல காலை மடக்கினார். பிறகு மற்றக் காலைக் கையால் பிடித்து மெல்ல மடக்கி, சம்மணம் போட்டு அமர்ந்தார். வீட்டில் பழகி வைத்திருந்திருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. சீஃப் குனிந்து அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கா?"

"இல்லய்யா."

"இழுக்கா?"

"இல்லய்யா. உக்காருங்க, சோறு ஆறுது."

நான் உட்கார்ந்துவிட்டேன். சீஃபால் முடியவில்லை. பல வருடங்கள் அரங்கில் நின்றே தேய்ந்த முழங்கால்கள், பாதிக்கு மேல் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்று நிமிர்ந்துவிட்டார். தண்டல் லூர்தைப் பார்த்தார்.

"ஏலே, அந்த ஸ்டூல எடுத்து அய்யாவுக்குப் போடு. நமக்கு இனி வேண்டாம்."

சீஃப் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டைக் கையில் ஏந்திக்கொண்டார். கீழே வட்டமாக இருந்த எங்கள் உச்சந்தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தண்டல், நீரு அன்னைக்குச் சொன்னத அம்மா எங்கிட்டச் சொன்னா. எனக்கு இப்பத்தான் புரியுது" என்றார்.

தண்டல் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டியில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து, கையை உயர நீட்டி, சீஃபின் தட்டில் வைத்தார்.